எச்பி 7.8: ரத்தம் ஏற்றணுமா, பொறுக்கலாமா?

"எச்பி 7.8 தான் இருக்கு, இன்னும் ஏன் ரத்தம் ஏத்தாம இருக்காங்க?" நோயாளியின் கட்டில் ஓரமாக உட்கார்ந்திருக்கும் யாருக்கும் வரக்கூடிய கேள்விதான். கையில் இருக்கும் லேப் ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் என்று போட்டு, 7.8 என்று போட்டு, இயல்பான அளவு 12, 13 என்று பக்கத்திலேயே அச்சடித்திருப்பார்கள். குறைந்திருக்கிறது, ரத்த வங்கியில் ரத்தமும் இருக்கிறது, ஏற்றிவிட வேண்டியதுதானே? ரொம்ப காலம் மருத்துவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அந்த நினைப்பைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகள் வந்ததெல்லாம் கடந்த 25, 30 வருஷத்துக்குள்தான். வந்த முடிவுகள் பலரை முழிக்க வைத்தன.

முதலில் அந்தப் பையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். பேச்சில் இன்னமும் 'ரெண்டு பாட்டில் ரத்தம்' என்கிறோம், ஆனால் பாட்டில் போய்ப் பிளாஸ்டிக் பை வந்து பல காலம் ஆகிறது, அந்தப் பையிலும் பெரும்பாலும் முழு ரத்தம் இருப்பதில்லை. ஒருவர் கொடுத்த ரத்தத்தை வேகமாகச் சுழற்றிப் பிரித்து, சிவப்பணு ஒரு பையில், பிளாஸ்மா என்கிற திரவப் பகுதி இன்னொன்றில், ரத்தம் உறைய உதவும் தட்டணு (பிளேட்லெட்) மூன்றாவதில் என்று எடுத்துவிடுவார்கள். சிவப்பணுவை அதற்கான பாதுகாப்புத் திரவத்தோடு 2 முதல் 6 டிகிரி குளிரில் வைத்தால் 42 நாள் வரை தாங்கும். பிளாஸ்மாவை உறைய வைத்து மாதக்கணக்கில் வைக்கலாம். தட்டணு கொஞ்சம் அடம் பிடிக்கிற ரகம்: ஃபிரிட்ஜ் ஆகாது, அறை வெப்பத்தில், விடாமல் ஆட்டிக்கொண்டே வைக்க வேண்டும், அப்படி வைத்தாலும் ஐந்து நாள், மிஞ்சினால் ஏழு நாள். எச்பி குறைவுக்கு ஏற்றுவது சிவப்பணுப் பை. பெரியவர் ஒருவருக்கு ஒரு பை போட்டால் எச்பி கிட்டத்தட்ட 1 கிராம் ஏறும், 7.8 என்றால் 8.8 ஆகும்.

சரி, எவ்வளவுக்குக் கீழே போனால் ஏற்ற வேண்டும்? 1942இல் ஆடம்ஸ், லண்டி என்ற இரண்டு மருத்துவர்கள், அறுவை சிகிச்சைக்குப் போகிறவருக்கு எச்பி 10க்குக் குறைவாக இருந்தால் ரத்தம் ஏற்றிவிட்டுப் போவது நல்லது என்று எழுதினார்கள். அவர்களுடைய அனுபவத்தில் தோன்றியதைச் சொன்னார்கள், தப்பில்லை. ஆனால் அந்த 10 அப்படியே ஒட்டிக்கொண்டது. பாடம் சொல்லிக்கொடுத்தவர் மாணவருக்குச் சொன்னார், அந்த மாணவர் தன் மாணவருக்குச் சொன்னார், அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. இரண்டு குழு பிரித்து, ஒரு குழுவுக்கு 10, இன்னொன்றுக்கு அதைவிடக் குறைவு என்று வைத்துப் பார்க்கும் பெரிய ஆய்வு மட்டும் நடக்கவில்லை.

எச்பி குறைந்தால் உடம்பு என்ன செய்கிறது என்று தெரிந்தால் அந்த 10இல் ஏன் சந்தேகம் வந்தது என்பது புரியும். ஹீமோகுளோபின் வேலை ஆக்சிஜனைச் சுமப்பது. சாதாரணமாக உட்கார்ந்திருக்கும்போது, ரத்தம் கொண்டுபோகிற ஆக்சிஜனில் கால் பங்கைத்தான் உடம்பு எடுத்துக்கொள்கிறது, மீதி முக்கால் பங்கு அப்படியே நுரையீரலுக்குத் திரும்பி வருகிறது. ஆக, கையிருப்பு நிறைய. எச்பி மெல்ல மெல்லக் குறையும்போது இதயம் கொஞ்சம் கூடுதலாக அடிக்கும், திசுக்கள் கால் பங்குக்குப் பதில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ உருவிக்கொள்ளும், ரத்தம் நீர்த்திருப்பதால் ஓட்டமும் சுலபமாகும். ஆரோக்கியமான இதயம் உள்ளவர் எச்பி 7, 8இல் கட்டிலில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பது இதனால்தான். களைப்பு இருக்கும், ஆபத்து இருக்க வேண்டும் என்பதில்லை.

இதைச் சோதித்த முதல் பெரிய ஆய்வு கனடாவில் நடந்தது. பெயர் ட்ரிக், தலைமை தாங்கியவர் பால் ஹெபெர், முடிவு 1999இல் வெளியானது. ஐசியூவில் இருந்த 838 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். குலுக்கல் எதற்கென்றால், மருத்துவரே தேர்ந்தெடுத்தால் ரொம்ப மோசமாக இருப்பவருக்கு ரத்தம் போய்விடும், அப்புறம் 'ரத்தம் ஏற்றியவர்கள்தான் அதிகம் இறந்தார்கள்' என்று வந்தால் அது ரத்தத்தால் வந்ததா நோயால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது. ஒரு குழுவுக்கு எச்பி 10க்குக் கீழே போனால் ரத்தம். இன்னொரு குழுவுக்கு 7க்குக் கீழே போனால்தான். 30 நாளில் இறந்தவர்கள் 10 குழுவில் 23.3 சதவீதம், 7 குழுவில் 18.7 சதவீதம். புள்ளியியல் கணக்கில் இந்த வித்தியாசம் தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு உண்டு, அதனால் 'குறைவாக ஏற்றினால் உயிர் பிழைக்கும்' என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் குறைவாக ஏற்றியவர்கள் எந்த வகையிலும் நஷ்டப்படவில்லை, அவர்களுக்குச் செலவான ரத்தமும் பாதிக்கும் கீழே. அந்தப் பழைய 10 அங்கேயே ஆட்டம் கண்டுவிட்டது.

பின்னால் வரிசையாக வந்தன. இடுப்பெலும்பு முறிந்த முதியவர்கள் 2,016 பேரிடம் 8க்கும் 10க்கும் ஒப்பிட்டது ஃபோகஸ் ஆய்வு, 2011. இதய அறுவை சிகிச்சைக்கு 7.5ஐயும் 9.5ஐயும் ஐயாயிரம் பேரிடம் வைத்துப் பார்த்தது ட்ரிக்ஸ்-3, 2017. எல்லாவற்றிலும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான், குறைந்த வரம்பு போதும். இப்போதைய வழிகாட்டுதல்கள், ரத்தப்போக்கு இல்லாமல் நிலையாக இருக்கும் பெரியவருக்கு 7 என்றும், இதய நோய் ஏற்கெனவே உள்ளவருக்கும் எலும்பு அறுவை சிகிச்சைக்கும் 8 என்றும் சொல்கின்றன. முதல் பத்தியில் வந்த 7.8க்கு ரத்தம் போடாததற்கான காரணம் இதுதான், மறதி என்று நினைத்துச் சண்டைக்குப் போக வேண்டாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பாகிவிடும். மாரடைப்பு வந்தவருக்கு எச்பியும் குறைவாக இருந்தால்? மேலே சொன்ன கூடுதலாக அடிக்கிற வித்தையைச் செய்ய வேண்டிய இதயமே அடிபட்டுக் கிடக்கிறது. மின்ட் என்ற ஆய்வு 2023இல் 3,504 பேரிடம் இதைப் பார்த்தது. 30 நாளுக்குள் மரணமோ மறு மாரடைப்போ நேர்ந்தது குறைவாக ஏற்றிய குழுவில் 16.9 சதவீதம், 10க்கு மேல் வைத்திருந்த குழுவில் 14.5 சதவீதம். இங்கேயும் வித்தியாசம் புள்ளியியல் கோட்டைத் தாண்டவில்லை, ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிகிறது. அதனால் மாரடைப்பு நோயாளிக்குக் கொஞ்சம் தாராளமாக ஏற்றும் மருத்துவரைக் குறை சொல்ல முடியாது.

'கூடுதலாக ஏற்றினால் என்ன கெட்டுப்போகும், உடம்புக்கு நல்லதுதானே' என்று கேட்பவர்கள் உண்டு. ரத்தத்தை டானிக் மாதிரி நினைப்பதால் வரும் கேள்வி. அது இன்னொருவர் உடம்பிலிருந்து வந்த உயிருள்ள திசு. எல்லோரும் பயப்படுவது எச்ஐவி, மஞ்சள் காமாலைக்குத்தான், பரிசோதனைகள் வந்த பிறகு ஒழுங்காகச் சோதித்த ரத்தத்தில் அந்த ஆபத்து மிகமிகக் குறைந்துவிட்டது. பல நாடுகளின் கண்காணிப்பு அறிக்கைகளில், ரத்தம் ஏற்றியதால் நேரும் மரணங்களில் முன்னால் நிற்பது சாதாரணமாகத் தெரிகிற ஒரு விஷயம்: அளவு மிஞ்சிப் போய் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது. வயதானவர், எடை குறைந்தவர், இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவர் என்றால் இரண்டு பையை அடுத்தடுத்து ஓட விடுவதே போதும், மூச்சு முட்ட ஆரம்பித்துவிடும். ஒரு பை ஏற்று, ஆளைப் பார், எச்பி பார், அப்புறம் அடுத்ததை யோசி என்கிற பழக்கம் வந்தது இதனால்தான்.

அப்புறம் ஆள் மாறிப் போவது. ஏ, பி, ஓ வகைகளை கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901இல் பிரித்துக் காட்டி நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும், வகை மாறி ஏற்றுவது இன்றைக்கும் நடக்கிறது. பெரும்பாலும் ரத்த வங்கி பிழையாகச் சோதிப்பதால் வருவதில்லை, யாரோ ஒருவர் டியூபில் பெயரை மாற்றி ஒட்டுவதாலோ கட்டில் மாறிப் போவதாலோதான். ரத்தப்பை வந்ததும் கட்டில் பக்கத்தில் நடப்பதைக் கவனித்துப் பாருங்கள். இரண்டு நர்ஸ் நிற்பார்கள். ஒருவர் பையில் உள்ள எண்ணையும் வகையையும் காலாவதி தேதியையும் சத்தமாகப் படிக்க, இன்னொருவர் நோயாளியின் கைப்பட்டையோடும் தாளோடும் ஒப்பிடுவார். நோயாளியிடம் "நீங்கதான் இன்னாரா?" என்று கேட்கக் கூடாது, அரைத் தூக்கத்தில் எதற்கும் 'ஆமாம்' என்றுதான் வரும். "உங்க பேர் சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். ஏற்ற ஆரம்பித்த முதல் 15 நிமிஷம் பக்கத்திலேயே இருந்து காய்ச்சல், நடுக்கம், முதுகு வலி, மூச்சுத் திணறல் வருகிறதா என்று பார்ப்பார்கள், ஏனென்றால் மோசமான ஒவ்வாமைகள் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே முகம் காட்டிவிடும். பையை நான்கு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும், அதற்கு மேல் வெளியில் தொங்கினால் கிருமி வளர வாய்ப்பு. சடங்கு மாதிரித் தெரிகிற இந்த ஐந்து நிமிஷ வேலையை யாராவது அவசரமாகத் தாண்டினால், கூட இருப்பவர் தாராளமாகக் கேட்கலாம்.

தட்டணுவிலும் இதே கதைதான், ஒரு படி மேலே. எண்ணிக்கை குறைந்ததும் பதறி ஏற்றுவது பழைய வழக்கம். ரத்தம் கசியாத பெரியவருக்கு, புற்றுநோய் மருந்தால் தட்டணு குறைந்திருந்தால், 10,000க்குக் கீழே போனால்தான் தடுப்பாக ஏற்றுவது இப்போதைய நடைமுறை. குறைமாதக் குழந்தைகள் 660 பேரிடம் 2019இல் வெளியான பிளானட்-2 ஆய்வு 25,000 என்ற வரம்பையும் 50,000 என்ற வரம்பையும் ஒப்பிட்டது. தாராளமாக ஏற்றிய குழுவில்தான் மரணமும் பெரிய ரத்தக்கசிவும் அதிகம், 26 சதவீதத்துக்கு எதிரே 19. இன்னொன்று, ஆஸ்பிரின் வகை மருந்து எடுப்பவருக்கு மூளையில் ரத்தக்கசிவு வந்தால் தட்டணு ஏற்றுவது தர்க்கப்படி சரியாகத்தான் படும், மருந்து அவருடைய தட்டணுவை முடக்கியிருக்கிறது, புதுசு கொடுத்தால் அடைத்துக்கொள்ளும். 2016இல் பாட்ச் என்ற ஆய்வு 190 பேரிடம் செய்து பார்த்தது. ஏற்றியவர்கள் நிலைமைதான் மோசமானது. காகிதத்தில் சரியாக வருகிற தர்க்கத்தைக் குலுக்கல் ஆய்வு இப்படிக் கவிழ்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு திருப்தி, கொஞ்சம் பயமும்.

புது ரத்தம் நல்லதா, பழையது ஆகாதா என்றும் நிறையப் பேர் கேட்கிறார்கள். சில ஆய்வுகள், 20,000 பேருக்கு மேல் பார்த்த ஒன்றும் அதில் உண்டு, வித்தியாசம் இல்லை என்றே சொல்லிவிட்டன. தேதி முடியாத பை என்றால் கவலை வேண்டாம்.

இதுவரை பேசியது ரத்தம் மெல்லக் குறைந்து, கசிவு நின்றுவிட்ட ஆள். கண் முன்னால் ரத்தம் கொட்டிக்கொண்டிருப்பவருக்கு 7, 8 கணக்கெல்லாம் உதவாது. ஒரு டம்ளரில் சாயம் கலந்த தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். பாதியைக் கொட்டிவிட்டுப் பாருங்கள், மிச்சத்தின் நிறம் வெளுத்திருக்காது. அதில் வெறும் தண்ணீர் ஊற்றினால்தான் வெளுக்கும். எச்பி அளப்பது அந்த நிறத்தைத்தான், டம்ளரில் எவ்வளவு மிச்சம் என்பதை அல்ல. விபத்தில் ஒன்றரை லிட்டர் ரத்தம் போன ஒருவருக்கு அடுத்த பத்து நிமிஷத்தில் எடுத்த எச்பி 13 என்று வந்தாலும் ஆச்சரியமில்லை, சலைன் ஓட ஆரம்பித்த பிறகு அது இறங்கும். அந்த நேரத்தில் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், கை கால் சில்லிட்டிருக்கிறதா, ஆள் தெளிவாகப் பேசுகிறாரா என்று பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.

கொட்டும் வேகத்தில் சலைனை மட்டும் ஊற்றினால் அழுத்தம் ஏறும், ஆனால் ரத்தம் உறைவதற்கு வேண்டியதெல்லாம் நீர்த்துப்போகும். உடம்பு குளிர்ந்தால் உறைதல் கெடும், அமிலம் சேர்ந்தால் இன்னும் கெடும், கெட்டதால் மேலும் கொட்டும், கொட்டினால் மேலும் குளிரும். அதனால்தான் பெரிய ரத்தப்போக்குக்குச் சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு மூன்றையும் ஏறக்குறைய சம விகிதத்தில், சூடாக்கி, சேர்த்தே கொடுக்கிறார்கள். 2015இல் வந்த ப்ராப்பர் ஆய்வில் 680 விபத்து நோயாளிகளிடம் சம விகிதமும் சிவப்பணு இரட்டிப்பாக உள்ள விகிதமும் ஒப்பிடப்பட்டன. மொத்த மரணத்தில் தெளிவான வித்தியாசம் வரவில்லை, முதல் 24 மணி நேரத்தில் ரத்தம் கொட்டியே இறந்தவர்கள் சம விகிதக் குழுவில் குறைவு, 9.2க்கு எதிரே 14.6 சதவீதம். கால்சியத்தையும் கவனிக்க வேண்டும், பையில் ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் சிட்ரேட் நோயாளி உடம்பில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், கால்சியம் இல்லாமல் ரத்தம் உறையாது.

வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து வாந்தியில் வருபவர்கள் ஒரு தனி ரகம். பார்சிலோனாவில் வில்லனுவேவா குழு 921 பேரிடம் செய்த ஆய்வு 2013இல் வந்தது, எனக்கு இதில் பிடித்த ஆய்வு அதுதான். 7 வரை பொறுத்த குழுவில் ஆறு வாரத்துக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள் 95 சதவீதம், 9இலேயே ஏற்றிய குழுவில் 91. மறுபடி ரத்தம் கசிந்தது 10 சதவீதம், 16 சதவீதம். ரத்தம் போய்க்கொண்டிருக்கும் ஆளுக்குக் குறைவாகக் கொடுத்தால் பிழைக்கிறார் என்றால் நம்பவே கஷ்டமாக இருக்கும். ஈரல் சுருங்கியவர்களுக்கு ரத்தம் கூடுதலாக ஏற ஏற ஈரலுக்குப் போகும் நாளத்தில் அழுத்தம் கூடும், அடைத்த இடமே மறுபடி பிய்த்துக்கொள்ளும், அது ஒரு காரணம். ஒரு எச்சரிக்கை: ரத்தம் பீறிட்டுக் கொட்டியவர்களை இந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை.

ஏற்றுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், ஓட்டையை அடைப்பது? காயத்தில் ரத்தம் உறைந்து ஒரு வலை கட்டும், உடம்பே கொஞ்ச நேரத்தில் அந்த வலையைக் கரைக்கவும் ஆரம்பிக்கும். கரைவதைத் தடுக்கும் மருந்து டிரானெக்ஸாமிக் அமிலம். ஜப்பானில் உத்தாகோ ஒகாமோட்டோவும் அவர் கணவர் ஷோசுகேயும் 1960களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தது, விலையும் குறைவு. பிரசவ ரத்தப்போக்கில் தாய்மார் இறப்பதைத் தடுக்க இது உதவும் என்பது உத்தாகோவின் நம்பிக்கை, ஆனால் அதைச் சோதிக்க அப்போது யாரும் முன்வரவில்லை. 2010இல்தான் கிராஷ்-2 என்ற ஆய்வு 40 நாடுகளில் 20,211 விபத்து நோயாளிகளிடம் கொடுத்துப் பார்த்தது: மரணம் 16.0இலிருந்து 14.5 சதவீதமாகக் குறைந்தது. அதே தரவைப் பிரித்துப் பார்த்தபோது வந்ததுதான் முக்கியம். காயம் பட்ட மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன், அதைத் தாண்டிக் கொடுத்தால் ரத்தப்போக்கு மரணம் கூடியது. 2017இல் வுமன் ஆய்வு 20,060 தாய்மாரிடம் கொடுத்துப் பார்த்தபோதும் மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தவர்களிடம்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது, ரத்தப்போக்கால் இறந்தவர்கள் 1.7க்குப் பதில் 1.2 சதவீதம். உத்தாகோ இறந்தது 2016இல், அந்த முடிவைப் பார்க்கவில்லை.

அப்படியானால் எங்கே ரத்தம் வந்தாலும் இதைப் போட்டுவிடலாமே என்று தோன்றும். குடல், இரைப்பை ரத்தப்போக்குக்கு 12,009 பேரிடம் ஹால்ட்-ஐடி ஆய்வு 2020இல் போட்டுப் பார்த்தது. மரணம் குறையவில்லை, கால் ரத்தக்குழாயிலும் நுரையீரலிலும் ரத்தக்கட்டி கூடியது.

பிரசவ ரத்தப்போக்கில் மருந்துக்கு முன்னால் ஒரு சிக்கல் இருக்கிறது. எவ்வளவு போயிற்று என்பதே தெரியாது. துணியிலும் பஞ்சிலும் தரையிலும் பரவிய ரத்தத்தைக் கண்ணால் பார்த்து அளவு சொன்னால், அனுபவசாலிகூடக் குறைத்துத்தான் சொல்வார். இதற்கு ஒரு வழி, தாயின் இடுப்புக்குக் கீழே விரிக்கும் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, நுனியில் பை மாதிரித் தொங்கும், அதில் மில்லி லிட்டர் கோடுகள் போட்டிருக்கும். ரத்தம் 500 மில்லி கோட்டைத் தொட்டால் யாரையும் கேட்க வேண்டாம், கருப்பையைப் பிசைவது, கருப்பை சுருங்கும் மருந்து, டிரானெக்ஸாமிக் அமிலம், டிரிப்ஸ், எங்கே கிழிந்திருக்கிறது என்று பார்ப்பது எல்லாம் ஒன்றாகத் தொடங்கிவிட வேண்டும். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளின் 80 மருத்துவமனைகளில் ஈ-மோட்டிவ் ஆய்வு இதைச் செய்தது, முடிவு 2023இல் வந்தது. ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் போவது, அதற்காக வயிற்றைத் திறப்பது, ரத்தப்போக்கால் இறப்பது மூன்றையும் சேர்த்த கணக்கு 4.3 சதவீதத்திலிருந்து 1.6க்கு இறங்கியது. ஒரு பிளாஸ்டிக் விரிப்பு!

கடைசியாக, மருத்துவமனையே எடுக்கும் ரத்தம். ஐசியூவில் கிடப்பவரிடம் காலை ஒரு டியூப், மதியம் ஒரு டியூப், ராத்திரி இரண்டு என்று பரிசோதனைக்கு உறிஞ்சிக்கொண்டே இருப்பார்கள், பத்து நாளில் எச்பி இறங்கும், இறங்கியதற்கு ஒரு பை ஏற்றுவார்கள். கனடாவில் 25 ஐசியூக்களில் வழக்கமான டியூபுக்குப் பதிலாக, பார்க்க அதே அளவில், ஆனால் உறிஞ்சும் சக்தி குறைவாக உள்ள டியூபைக் கொடுத்துப் பார்த்தார்கள், 2023இல் வெளியான ஸ்ட்ராட்டஸ் ஆய்வு. முதல் கணக்கில் வித்தியாசம் உறுதிப்படவில்லை; கொரோனா காரணமாக முதலில் ஒதுக்கிவைத்த நோயாளிகளையும் சேர்த்து எண்ணியபோது 100 பேருக்குச் சுமார் 10 பை ரத்தம் மிச்சமானது. பரிசோதனைகள் எதுவும் இதனால் தடைபடவில்லை, லேப் மெஷின்களுக்கு அந்தக் குறைந்த ரத்தமே போதுமானதாக இருந்தது.